வாலிபால்: ஓங்கி அடிக்கத் தெரிந்த அணி ஏன் தோற்றுப்போகிறது?

உங்கள் பள்ளியில் வாலிபால் பயிற்சி எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

மண்டபத்தில் வலை கட்டியாச்சு. இரண்டு சுற்று ஓட்டம், கை கால் உதறல். அப்புறம் எல்லாரும் திடலின் இடது பக்கத்தில் வரிசையாக நிற்கிறார்கள். செட்டர் பந்தைத் தூக்கிப் போட, ஒவ்வொருவராக ஓடிவந்து எகிறி அடிக்கிறார்கள். நல்லா விழுந்தால் மொத்த வரிசையும் கத்தும். பயிற்சியிலேயே ஜாலியான பகுதி அதுதான், மறுக்க முடியாது.

போட்டி நாள் வருகிறது. எதிரணியில் குட்டையான ஒருவர் கோட்டுக்குப் பின்னால் நின்று, சுழலே இல்லாத ஒரு சர்வ் போடுகிறார். பந்து உங்கள் கையில் பட்டு மேற்கூரை விளக்குப் பக்கம் போகிறது. அடுத்த பந்து இரண்டு பேருக்கு நடுவே விழுகிறது. அடுத்தது வலையில். 0-6. டைம்-அவுட். உங்கள் அணியின் சிறந்த ஸ்பைக்கர் அதுவரை ஒருமுறைகூடக் கை ஓங்கவில்லை.

சிசிஏ-வில் வாலிபால் ஆடுபவர்களுக்கு இந்த 0-6 நன்றாகவே தெரியும். அது ஏன் நடக்கிறது, பயிற்சியில் எதை மாற்றினால் அது குறையும் என்பதைப் பார்ப்போம். ஆட்டக்காரர்களுக்கு மட்டுமில்லை, முன்னாள் மாணவராகத் திரும்பிப் போய் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கும் இது உதவும்.

(பெயர் பற்றி ஒரு குறிப்பு: இங்கே நாம் கைப்பந்து என்கிறோம், பாதி நேரம் வாலிபால் என்கிறோம். இலங்கையில் அதுவே கரப்பந்து. அங்கே அது தேசிய விளையாட்டும்கூட.)

எல்லாம் தொடங்குவது முதல் தொடுதலில்

வாலிபாலில் பந்தைப் பிடிக்கக் கூடாது. மூன்று தொடுதலுக்குள் வலைக்கு அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். முதல் தொடுதல் ரிசீவ். இரண்டாவது, செட்டர் தூக்கிக் கொடுப்பது. மூன்றாவதுதான் ஸ்பைக்.

மூன்றாவது நன்றாக அமைய இரண்டாவது நன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது நன்றாக அமைய முதலாவது நன்றாக இருக்க வேண்டும். கேட்டால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். ஆனால் பெரும்பாலான பள்ளி அணிகள் பயிற்சி நேரத்தைச் செலவிடுவது இதற்கு நேர் தலைகீழாக.

ரிசீவ் எப்படி இருந்தது என்பதை அளக்கப் பயிற்றுவிப்பாளர்கள் ஓர் எளிய முறை வைத்திருக்கிறார்கள். 0 முதல் 3 வரை மதிப்பெண். பந்து செட்டர் நிற்கும் இடத்துக்கே அழகாகப் போனால் 3. அப்போது அவர் இடது, நடு, வலது என எந்தப் பக்கமும் பந்தைத் தூக்கலாம், எதிரணி பிளாக்கர்கள் குழம்புவார்கள். செட்டர் இரண்டு மூன்று அடி ஓடி எடுக்க வேண்டியிருந்தால் 2. நடுவில் அடிக்கும் வாய்ப்பு போய்விடும், ஓரங்கள் மட்டும் மிச்சம். செட்டர் துரத்திப் பிடித்து எப்படியோ ஒரு பக்கம் உயர்த்திப் போட்டால் 1. எதிரணியின் பிளாக்கர்கள் அங்கே தயாராகக் காத்திருப்பார்கள். பந்து நேராகத் தரையில் விழுந்தாலோ யாரும் எடுக்க முடியாமல் பறந்தாலோ 0.

ஒரு போட்டியில் ஒருவர் 10 சர்வ்களை எடுத்து மொத்தம் 20 மதிப்பெண் வாங்கினால் அவருடைய சராசரி 2. பள்ளி அளவில் அது நல்ல எண். 1.5க்குக் கீழே போனால், அந்த அணியின் ஸ்பைக்கர் எவ்வளவு உயரமாக எகிறினாலும் பெரிதாகப் பயனில்லை.

ஒரு சின்னக் கணக்கு

1990களின் இறுதிவரை பெரும்பாலும் சர்வ் போடும் அணிதான் புள்ளி எடுக்க முடியும். ரிசீவ் செய்யும் அணி ஜெயித்தால் சர்வ் மட்டும் கைமாறும், புள்ளி கிடையாது. இப்போது அப்படி இல்லை. யார் சர்வ் போட்டாலும், பந்தாட்டத்தை வென்றவருக்குப் புள்ளி. 25 புள்ளி, குறைந்தது 2 புள்ளி வித்தியாசம். ஐந்தாவது செட் என்றால் 15.

இந்த விதிமாற்றம் ரிசீவின் மதிப்பை எப்படிக் கூட்டியது? எதிரணி சர்வ் போடும்போது 10 பந்தில் 4ஐ உங்கள் அணி வெல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 6 போகிறது, 4 வருகிறது. ஒருமுறை சர்வைத் திரும்பப் பெறுவதற்குள் சராசரியாக 1.5 புள்ளி கைவிட்டுப் போகும். ஆறு பேரும் ஒரு முழுச் சுற்று சுழன்று வருவதற்குள் 9 புள்ளி.

அதையே 10க்கு 5 ஆக்கினால்? ஒரு சுற்றுக்கு 6 புள்ளிதான் போகும். 10க்கு 6 என்றால் வெறும் 4.

பாருங்கள், பத்தில் ஒரே ஒரு பந்தை அதிகமாக வென்றால் சுற்றுக்கு 3 புள்ளி மிச்சமாகிறது. கிட்டத்தட்டச் சமபலமுள்ள இரண்டு அணிகள் மோதினால் ஒரு செட்டுக்கு ஏறக்குறைய இரண்டு சுற்று ஓடும். ஆக மொத்தம் 6 புள்ளி. 19-25 என்று தோற்ற செட்டுக்கும் 25-25 என்று இழுபறியாகும் செட்டுக்கும் இடையே உள்ள தூரம் அவ்வளவுதான். அதற்கு யாரும் 10 சென்டிமீட்டர் வளர வேண்டியதில்லை.

"நான் உயரம் இல்லையே!"

சிசிஏ தேர்வின்போது 13 வயதுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால் பார்வை முதலில் உயரமானவர்கள்மீதுதான் போகும். ஆண்கள் வலை 2.43 மீட்டர், பெண்கள் வலை 2.24 மீட்டர். அந்த எண்களைப் பார்த்தால் குட்டையான பிள்ளைக்கு மனசு உடைந்துபோகும். பந்து பொறுக்கிப் போடும் வேலைதான் நமக்கு என்று நினைப்பவர்கள் உண்டு.

அவர்கள் யொஷியே தகேஷிதாவைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பான் பெண்கள் அணியின் செட்டர். உயரம் 159 சென்டிமீட்டர். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலம் வென்றபோது, தன்னைவிட ஒரு தலை உயரமானவர்களுக்கு எதிராக ஆட்டத்தை நடத்தியவர் அவர்தான். அதே அணியின் லிபரோ யூகோ சானோவும் உயரமானவர் அல்லர்.

ஜப்பானில் இது திடீரென்று வந்ததல்ல. 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில்தான் வாலிபால் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அங்கே ஜப்பான் பெண்கள் அணி கடைசி ஆட்டத்தில் சோவியத் யூனியனை 3-0 என வீழ்த்தியது. பெரும்பாலும் ஒரு நெசவாலையில் வேலை செய்த பெண்கள். அவர்களின் பயிற்றுவிப்பாளர் ஹிரோபுமி தைமாட்சு கற்றுக்கொடுத்த புகழ்பெற்ற உத்தி எது தெரியுமா? ஸ்பைக் இல்லை. பாய்ந்து விழுந்து பந்தை எடுத்து, உருண்டு, அதே வேகத்தில் எழுந்து நிற்கும் ரிசீவ். உயரமானவர்களின் அடியை எடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது அவருடைய கணக்கு.

அவருடைய பயிற்சி முறை ரொம்பக் கடுமையானது. பகலில் ஆலையில் வேலை, அதற்குப் பிறகு நள்ளிரவைத் தாண்டியும் பயிற்சி. அந்தக் கடுமையை இன்று யாரும் பள்ளிப் பிள்ளைகளிடம் காட்டக் கூடாது என்பது என் கருத்து. எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் எதற்கு முதலிடம் கொடுத்தார் என்பதை.

அமெரிக்காவில் நடந்தது வேறொரு கதை. அந்தக் காலத்தில் சர்வை எடுக்க ஐந்து பேர் பரவி நிற்பது வழக்கம். ஆண்கள் அணியின் பயிற்றுவிப்பாளர் டக் பீல் அதை உடைத்தார். ரிசீவில் கெட்டிக்காரர்களான கார்ச் கிராலி, ஆல்டிஸ் பெர்சின்ஸ் இரண்டு பேர் மட்டும் கிட்டத்தட்ட முழுத் திடலையும் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் அடிப்பதற்குத் தயாராகலாம் என்றார். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அந்த அணி தங்கம் வென்றது. கிராலி பின்னர் அமெரிக்கப் பெண்கள் அணியின் பயிற்றுவிப்பாளராகி, தோக்கியோ 2020 ஒலிம்பிக்கில் அவர்களுக்கும் தங்கம் வாங்கிக் கொடுத்தார்.

1998ல் லிபரோ வந்தார். வேறு நிறச் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் மட்டும் ஆடுபவர். அனைத்துலக விதிப்படி அவர் சர்வ் போடக் கூடாது, பிளாக் செய்யக் கூடாது. எடுப்பது மட்டுமே அவர் வேலை. அந்த ஒரு வேலைக்கென்றே விதிப்புத்தகம் ஓர் இடத்தை ஒதுக்கியிருக்கிறது. தோக்கியோ 2020, பாரிஸ் 2024 என இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற பிரான்ஸ் ஆண்கள் அணியின் ஆட்டங்களைத் தேடிப் பாருங்கள். பந்தை விடாமல் பார்க்காதீர்கள். லிபரோ ஜெனியா கிரெபென்னிகோவின் கால்களைப் பாருங்கள். எதிராளி சர்வ் போடப் பந்தைத் தூக்கும்போதே அவருடைய கால்கள் நகரத் தொடங்கிவிடும்.

வரிசையில் நிற்பது பயிற்சியா?

சரி, ரிசீவ் முக்கியம் என்று புரிகிறது. அதை எப்படிப் பழகுவது? இங்கேதான் பல அணிகள் நேரத்தை விடுகின்றன.

வழக்கமான முறை இது. பயிற்றுவிப்பாளர் வலைக்கு அந்தப் பக்கம் நின்று பந்தை மெதுவாக வீசுவார். இந்தப் பக்கம் 12 பேர் வரிசை. ஒருவர் எடுப்பார், வரிசையின் பின்னால் போவார். 5 வினாடிக்கு ஒரு பந்து என்றால் உங்கள் முறை நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரும். 20 நிமிடத்தில் 20 பந்து. மற்ற நேரமெல்லாம் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், இல்லையென்றால் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

அதே 12 பேரை மூன்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். நான்கு குழுக்கள். ஒருவர் வலைக்கு அப்பாலிருந்து சர்வ் போடுவார். ஒருவர் ரிசீவ் செய்வார். ஒருவர் செட்டர் இடத்தில் நின்று பந்தை வாங்கித் திருப்பி அனுப்புவார். 10 வினாடிக்கு ஒரு சர்வ் என்றால் 20 நிமிடத்தில் ஒரு குழுவுக்கு 120 சர்வ். இடம் மாறி மாறி ஆடினால் ஒவ்வொருவருக்கும் 40 சர்வ், 40 ரிசீவ், செட்டர் இடத்தில் 40 பந்து. திடலின் அகலம் 9 மீட்டர்தான், நெருக்கமாகத்தான் இருக்கும். இரண்டு குழு இந்தப் பக்கத்திலிருந்தும் இரண்டு குழு அந்தப் பக்கத்திலிருந்தும் தொடங்கினால் சமாளிக்கலாம். புதியவர்கள் திடலின் நடுவிலிருந்தே சர்வ் போடட்டும்.

20 பந்தா, 40 பந்தா என்பது மட்டுமில்லை விஷயம். பயிற்றுவிப்பாளர் கையால் வீசும் பந்து போட்டியில் வரவே வராது. போட்டியில் வருவது ஒரு மனிதர் தோளைச் சுழற்றி அடிக்கும் சர்வ். அந்தத் தோள், அந்தக் கை, பந்தைத் தூக்கும் விதம் இவற்றைப் பார்த்து "இது நீளமா வரும்", "இது குட்டையா விழும்" என்று படிப்பதுதான் ரிசீவில் பாதித் திறமை. சர்வ் உங்களிடம் வந்துசேர ஒரு வினாடியை ஒட்டிய நேரம்தான். பந்து வலையைத் தாண்டிய பிறகு யோசித்தால் காலம் கடந்துவிட்டது.

இதே காரணத்தால்தான் எல்லாருக்கும் பிடித்த "பெப்பர்" மீதும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்து, எடுத்து, தூக்கி ஆடும் அந்தப் பயிற்சியைத்தான் சொல்கிறேன். உடம்பு சூடேற நல்லதுதான். ஆனால் அங்கே வலை இல்லை. பந்து எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்பிப் போகிறது. ஆட்டத்தில் சர்வ் ஒரு திசையிலிருந்து வரும், நீங்கள் இன்னொரு திசையில் இருக்கும் செட்டருக்கு அனுப்ப வேண்டும். முன்கைகளைச் சாய்த்து அந்தக் கோணத்தை உருவாக்குவதைப் பெப்பர் கற்றுத் தராது. ஐந்து நிமிடம் போதும்.

தடுமாறினால் பயப்படாதீர்கள்

1979ல் ஜான் ஷே, ராபின் மோர்கன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். மாணவர்கள் கையில் டென்னிஸ் பந்தை வைத்துக்கொண்டு சிறு மரத்தடுப்புகளைக் குறிப்பிட்ட வரிசையில் வேகமாகத் தட்டிவிட வேண்டும். மூன்று விதமான வரிசைகள். ஒரு குழு முதல் வகையை முழுக்க முடித்துவிட்டு இரண்டாவதுக்குப் போனது. இன்னொரு குழு மூன்றையும் கலந்து கலந்து பழகியது.

பயிற்சியின்போது முதல் குழு வேகமாகச் செய்தது. கலந்து பழகியவர்கள் தடுமாறினார்கள். ஆனால் 10 நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களுக்கே நன்றாக நினைவிருந்தது.

வாலிபாலுக்கு இதன் பொருள் என்ன? ஒரே இடத்தில் நின்று, ஒரே மாதிரி சர்வை 30 முறை எடுத்தால் 30வது பந்து அருமையாகப் போகும். பயிற்றுவிப்பாளருக்கும் திருப்தி. ஆனால் போட்டியில் அதே சர்வ் இரண்டு முறை வருவது அபூர்வம். ஆகவே பயிற்சியிலேயே ஒன்று நீளமாக, அடுத்தது குட்டையாக, அடுத்தது உங்கள் வலத் தோள்பக்கம் என மாறி மாறி வரட்டும். பயிற்சி அசிங்கமாகத் தெரியும். பரவாயில்லை.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. நேற்றுத்தான் வாலிபாலைத் தொட்ட பிள்ளைக்கு முதல் நாளே எல்லாவற்றையும் கலக்கினால் அது ஓடிவிடும். கைகளை எப்படிச் சேர்ப்பது, மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கையில் பந்தை வாங்குவது, கையை வீசாமல் கால்களை நகர்த்திப் பந்துக்குப் பின்னால் போவது, இதெல்லாம் கொஞ்ச நாள் அமைதியாகப் பழக வேண்டும். அதற்குப் பிறகு கலக்கலாம்.

"முழங்கையை மடக்காதே!"

சொல்லிக்கொடுப்பவர் என்ன வார்த்தை பயன்படுத்துகிறார் என்பதும் முக்கியம். கபிரியேல் உல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2002ல் வெளியிட்ட ஆய்வு வாலிபால் சர்வைப் பற்றியதே. ஒரே அறிவுரையை இரண்டு விதமாகச் சொன்னார்கள். ஒரு தரப்பினருக்கு உடலைப் பற்றி: எடையைப் பின்காலிலிருந்து முன்காலுக்குக் கொண்டுவா என்பது போல. இன்னொரு தரப்பினருக்கு வெளியே இருப்பதைப் பற்றி: எடையை இலக்கை நோக்கிக் கொண்டுபோ என்பது போல. இரண்டாவது வகையைக் கேட்டவர்களின் சர்வ் குறியில் கூடுதல் துல்லியம் இருந்தது. புதியவர்களுக்கும் அப்படித்தான், அனுபவசாலிகளுக்கும் அப்படித்தான்.

ஆக, "முழங்கையை மடக்காதே, தோளை இறக்கு, முட்டியை வளை" என்று அடுக்கிக்கொண்டே போவதைவிட, "பந்து செட்டர் தலைக்கு மேலே போய் நிற்கட்டும்" என்று சொன்னால் கை தானாகவே பாதிச் சரியாகிவிடும். உங்கள் ஜூனியர்களிடம் அடுத்த வாரமே முயன்று பார்க்கலாம், செலவே இல்லை.

சர்வ்: உங்கள் கையில் மட்டும் இருக்கும் ஒரே பந்து

வாலிபாலில் வேறு யாரும் தொந்தரவு செய்ய முடியாத ஒரே ஒரு தொடுதல் சர்வ்தான். நடுவர் விசில் ஊதிய பிறகு 8 வினாடி உங்களுடையது.

தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு எல்லாரும் ஜம்ப் சர்வ் பழக ஆசைப்படுகிறார்கள். பள்ளி அணிக்கு நான் முதலில் சொல்வது ஃப்ளோட் சர்வ்தான். பந்தை அதிக உயரம் தூக்காமல், உள்ளங்கையின் கெட்டியான பகுதியால் நடுவில் அடித்து, கையை அங்கேயே நிறுத்துவது. பந்து சுழலாது. சுழலாத பந்தைச் சுற்றிக் காற்று சமமாகப் பிரியாமல் போவதால் அது கடைசி நேரத்தில் இப்படியும் அப்படியும் ஆடும். ஆரம்பத்தில் சொன்ன 0-6 வாங்கிக்கொடுத்த சர்வ் அதுதான்.

எங்கே அடிப்பது? நேராக ஆளைப் பார்த்து அல்ல, இரண்டு பேருக்கு நடுவே. அல்லது சற்றுமுன் தவறவிட்ட அதே ஆளிடம். கொஞ்சம் இரக்கமில்லாத யோசனைதான், ஆனால் எதிரணியும் உங்களிடம் அதையேதான் செய்கிறது.

இங்கே ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சர்வ் வலையில் பட்டால் பத்து தண்டால் என்று தண்டனை கொடுக்கும் அணிகள் இன்றும் உண்டு. அதிலிருந்து பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? ஜாக்கிரதையாக, மெதுவாக, உயரமாகப் போட்டுவிட வேண்டும் என்பதை. அப்படிப்பட்ட சர்வ் எதிரணிக்கு அன்பளிப்பு. அவர்கள் 3 மதிப்பெண் ரிசீவ் எடுத்து நிதானமாக அடிப்பார்கள். தண்டனைக்குப் பதிலாக இலக்கு வையுங்கள். திடலின் ஓரத்தில் ஒரு துண்டை விரித்து, அதன்மீது விழுந்தால் 2 புள்ளி, திடலுக்குள் விழுந்தால் 1, வெளியே போனால் கழித்தல் 1. பிள்ளைகள் தாங்களாகவே எவ்வளவு துணிச்சல் காட்டலாம் என்று கணக்குப் போடத் தொடங்குவார்கள்.

நீ எடு, நான் எடு

பள்ளி ஆட்டங்களில் நேரடியாகப் புள்ளியாகும் சர்வ்களைக் கவனியுங்கள். பல, யாரும் தொட முடியாத வேகத்தில் வந்தவை அல்ல. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க, நடுவில் பொத்தென்று விழுந்தவை.

நம் அணிகளில் நான்கு மொழி பேசுகிறவர்கள் இருப்பார்கள். ஒருவர் "மைன்" என்பார், ஒருவர் "சாயா" என்பார், பதற்றத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு "எனக்கு" என்றுதான் வரும். எந்த வார்த்தையாக இருந்தாலும் பரவாயில்லை, அணிக்கு ஒரே வார்த்தை இருக்கட்டும். பந்து வலையைத் தாண்டுவதற்கு முன்பே அது வாயிலிருந்து வர வேண்டும். பந்தைத் தொட்ட பிறகு சொல்வது செய்தி வாசிப்பு!

அதோடு, நடுவில் வரும் பந்து யாருக்கு என்று ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். குட்டையான பந்து என்றால் முன்னால் வருபவர், நீளமான பந்து என்றால் பின்னால் செல்பவர் என்று ஏதாவது ஒரு விதி. விதி சரியா என்பதைவிட எல்லாருக்கும் ஒரே விதி இருப்பது பெரிது.

போட்டி மனப்பான்மையைப் பழக முடியுமா?

"எங்க பிள்ளைங்க நல்லா ஆடுறாங்க, ஆனா நெருக்கடி வந்தா உடைஞ்சுபோறாங்க." பயிற்றுவிப்பாளர்கள் அடிக்கடி சொல்வது. பல நேரம் காரணம் எளிது. நெருக்கடியை அவர்கள் பயிற்சியில் பார்த்ததே இல்லை.

அதற்கு மூன்று விளையாட்டுகள் இருக்கின்றன.

முதலாவது எல்லாருக்கும் தெரிந்த "கிங் ஆஃப் த கோர்ட்". இரண்டு அல்லது மூன்று பேர் கொண்ட சிறு குழுக்கள். ஜெயித்தவர் இடத்தில் நிற்பார், தோற்றவர் வெளியேறுவார், அடுத்த குழு சர்வ் போட்டுக்கொண்டே உள்ளே வரும். பந்து அடிக்கடி கைக்கு வரும், ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

இரண்டாவது, ஸ்கோரை நடுவிலிருந்து தொடங்குவது. முதல் ஆறு பேர் 20, இரண்டாம் ஆறு பேர் 22. 25 வரை ஆட்டம். ஐந்து நிமிடத்தில் முடியும், ஒரு பயிற்சியில் நான்கைந்து முறை ஆடலாம். 0-0விலிருந்து ஆடினால் ஒரு மணி நேரத்துக்கு ஓரிரு முறைதான் அந்தக் கடைசிப் புள்ளிகள் வரும்.

மூன்றாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, "வாஷ்". சர்விலிருந்து தொடங்கி ஒரு பந்தாட்டம். அது முடிந்த கையோடு, மூச்சு வாங்க விடாமல், ஜெயித்த அணிக்குப் பயிற்றுவிப்பாளர் இன்னொரு பந்தை வீசுவார். இரண்டையும் வென்றால்தான் ஒரு புள்ளி. ஆளுக்கொன்று என்றால் எதுவும் கிடையாது, அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஒரு நல்ல ஸ்பைக் அடித்துவிட்டுக் கொண்டாடிக்கொண்டு நிற்பவர்களின் கண்முன்னே அடுத்த பந்து விழும். ஒரு புள்ளியை மறந்துவிட்டு அடுத்ததற்குத் தயாராவது எப்படி என்று யாரும் உரை நிகழ்த்தத் தேவையில்லை.

இந்த விளையாட்டுகளில் எப்போதும் முதல் ஆறு பேரையே ஒரு பக்கம் வைக்காதீர்கள். குழுக்களைக் கலைத்துக் கலைத்துப் போட்டு, ஒவ்வொருவரும் எத்தனை முறை ஜெயித்த பக்கத்தில் இருந்தார் என்று எழுதிவையுங்கள். மாத இறுதியில் அந்தப் பட்டியல் சில ஆச்சரியங்களைக் காட்டும். அதிகம் கத்தாத, அதிகம் அடிக்காத ஒரு பிள்ளை எந்தக் குழுவில் சேர்ந்தாலும் அந்தக் குழு ஜெயித்திருக்கும். பெரும்பாலும் அது நன்றாக ரிசீவ் செய்யும் பிள்ளையாக இருக்கும். உயரத்தை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தால் பெஞ்ச்சில் உட்கார்ந்திருந்திருக்கும்.

முழங்காலுக்கும் இதில் நன்மை உண்டு. வளரும் வயதில் வாரம் முழுக்க ஸ்பைக் வரிசையில் எகிறிக்கொண்டே இருந்தால் முட்டிச்சில்லுக்குக் கீழே வலி வருவது சகஜம். ரிசீவுக்கு நேரம் கூடினால் எகிறும் எண்ணிக்கை தானாகக் குறையும். வலி தொடர்ந்தால் அடக்கிக்கொண்டு ஆடாமல் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த ஆட்டத்தில் இதைச் செய்து பாருங்கள்

பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். பெஞ்ச்சில் இருக்கும் ஒருவரிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். ரிசீவ் செய்யும் ஒவ்வொருவரின் பெயரையும் எழுதி, ஒவ்வொரு சர்வுக்கும் 0, 1, 2, 3 என்று போட்டுக்கொண்டே வரட்டும். பக்கத்தில் இன்னொரு கட்டம்: நம் அணி எந்தச் சுழற்சியில் நிற்கும்போது எதிரணி தொடர்ந்து புள்ளி எடுத்தது என்று.

இரண்டாவது கட்டத்தைத்தான் முதலில் பாருங்கள். பெரும்பாலும் ஆறு சுழற்சியில் ஒன்றில்தான் நிறையப் புள்ளிகள் ஒழுகிப் போயிருக்கும். அங்கே யார் யார் நிற்கிறார்கள், இருவருக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, செட்டர் எங்கிருந்து ஓடிவர வேண்டியிருக்கிறது? அடுத்த பயிற்சியில் வலை கட்டியதும் ஸ்பைக் வரிசைக்கு முன்னால், அந்த ஆறு பேரையும் அதே இடத்தில் நிறுத்தி, அணியிலேயே நன்றாக சர்வ் போடும் மூன்று பேரிடம் பந்தைக் கொடுங்கள். பத்தில் ஐந்தை அவர்கள் வெல்லும்வரை அந்தச் சுழற்சியை விட்டு நகராதீர்கள்.